வட்டமும் வாட்டமும்

தாராபுரம் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு தோட்டம் இருக்கிறது. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, ஐந்து கறவை மாடு. கட்டுத்தரை தோட்டத்தின் மேட்டுப் பக்கம். காலையில் பால் பீய்ச்சி முடித்துத் தரையைக் கழுவிவிட்டால், கழுவிய தண்ணீரும் கோமியமும் ஓரமாக இருக்கும் சிமென்ட் வாய்க்கால் வழியே கலவைத் தொட்டிக்கு வந்துவிடும். அதில் சாணியைக் கொட்டி, ஒரு தடியால் கலக்கி, அடைத்திருக்கும் துணிப்பந்தை உருவினால் கலவை அப்படியே, சாணியிலிருந்து எரிவாயு எடுக்கும் கோபர் கேஸ் குழிக்குள் இறங்குகிறது. உள்ளே எவ்வளவு போகிறதோ ஏறக்குறைய அவ்வளவு செரித்த சாந்து மறுபக்கம் வழிந்து வெளியே வருகிறது. வந்தது பாசன வாய்க்காலில் விழுந்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, கீழே நிற்கும் கம்பு நேப்பியர் புல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

இதில் எங்கேயும் மோட்டார் கிடையாது, கிணற்று மோட்டாரைத் தவிர. எல்லாம் வாட்டம்தான். வாட்டம் என்றால் நிலத்தின் சரிவு. வாய்க்கால் வெட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டுத்தரைக்கும் புல் காட்டுக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்குச் சரிவு இருக்கலாம். அந்தத் தோட்டத்தில் சாணி வீணாகாமல் இருப்பதற்கு முதல் காரணம் அந்தச் சரிவு. கொள்கை, பயிற்சி, மானியம் எல்லாம் அப்புறம்தான்.

சுழற்சி வேளாண்மை என்று சொன்னால் எல்லோர் மனதிலும் ஒரு படம் வருகிறது. மாடு, அதிலிருந்து சாணி, சாணியிலிருந்து கேஸ், கேஸ் போக மிச்சம் உரம், உரத்திலிருந்து புல், புல்லிலிருந்து மறுபடி மாடு. நடுவில் பச்சை நிற அம்புக்குறிகள். படம் தப்பில்லை. ஆனால் படத்தில் இருக்கும் அம்புக்குறிக்கு எடை கிடையாது. தோட்டத்தில் ஒவ்வொரு அம்புக்குறியும் ஒரு கூடை, ஒரு குடம், ஒரு நடை. அதை யாராவது சுமக்க வேண்டும், இல்லையென்றால் அது தானாக ஓட வேண்டும். சிறு பண்ணைகளில் கழிவு தேங்கும் இடத்தைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அது சுமக்க ஆள் இல்லாமல் போன இடமாக இருக்கும்.

பழைய முறையில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி தீர்ந்திருந்தது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் இன்றும் இருக்கின்றன. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொளுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வெயில் காலத்தில் புல் காய்ந்த பிறகு வெள்வேல மரம் நெற்று உதிர்க்கும். ஆடுகள் அதைத் தின்று கோடையை ஓட்டும். மாடு அதற்குள்ளேயே நடக்கும், அதற்குள்ளேயே சாணி போடும். புல் எங்கே வேண்டுமோ அங்கேயே எரு விழுகிறது. இங்கே குப்பையைச் சுமப்பது மாடேதான், அதுவும் தன் வயிற்றில். மழை குறைந்த அந்தப் பூமியில் இதற்கு மேல் சிக்கனமான ஏற்பாட்டை யோசிப்பது கடினம்.

விளைநிலத்துக்கு எரு வேண்டுமென்றால் ஆட்டைக் கொண்டுவந்து அடைப்பார்கள். கொங்கில் பட்டி போடுவது, தெற்கிலும் டெல்டாவிலும் கிடை போடுவது. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவது இன்னும் நின்றுபோகவில்லை. ஒரு ராத்திரி இந்த வயல், மறு ராத்திரி அடுத்த வயல். ஆட்டுக்காரருக்கு அதற்குக் கூலி உண்டு. கவனிக்க வேண்டியது இது: எருவுக்கு விலை கொடுத்தார்கள், ஆனால் எருவைத் தூக்கக் கூலி கொடுக்கவில்லை. பகலெல்லாம் தரிசிலும் வரப்பிலும் மேய்ந்ததை ஆடு ராத்திரியில் வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று ஒரு சொலவடை உண்டு. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் சீக்கிரம் பயிருக்குக் கிடைக்கும், மாட்டுச் சாணத்தில் இருக்கும் நார் மக்க நாளாகும் என்பதைத்தான் அது சொல்கிறது.

மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போட ஆரம்பித்த பிறகுதான் சாணி ஒரு வேலையாக மாறியது. கலப்பின மாடு வந்தது, பால் சொசைட்டி வந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கட்டிப்போட்ட மாடு தின்பதும் ஒரே இடம், கழிவதும் ஒரே இடம். தீனி அங்கே வந்து சேர வேண்டும், சாணி அங்கிருந்து வெளியே போக வேண்டும். மாட்டின் நான்கு கால் செய்த வேலையை இப்போது வீட்டுப் பெண்களின் இரண்டு கால் செய்கிறது.

இன்னொரு மாற்றம் தரையில் நடந்தது. முன்பெல்லாம் கட்டுத்தரை மண் தரை. கோமியம் முழுக்க மண்ணில் ஊறிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை அந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துக் காட்டில் போட்டுவிட்டுப் புது மண் கொட்டுவார்கள். அழுக்கு வேலை போலத் தெரியும். ஆனால் மாட்டின் கழிவில் இருக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி கோமியத்தில்தான் போகிறது. தழைச்சத்திலும் (நைட்ரஜன்) பாதி வாக்கில் அதில்தான். சிமென்ட் தரை போட்டதும் இடம் சுத்தமானது, மாட்டுக் காம்புக்கும் நல்லது, கோமியம் மட்டும் சாக்கடைக்குப் போனது. வாய்க்கால் கட்டி அதைத் தொட்டிக்குத் திருப்பியவர்கள் குறைவு.

சரி, ஒரு மாட்டின் வழியாக எவ்வளவு போகிறது? தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 10 லிட்டர் கறக்கிற மாடு, ஈரம் நீக்கிய எடையில் 12 கிலோ வாக்கில் தின்னும். அதில் புரதம் 12 சதவீதம், புரதத்தில் தழைச்சத்து 16 சதவீதம் என்று வைத்தால் தழைச்சத்தாக 230 கிராம். பத்து லிட்டர் பாலில் வெளியே போவது சுமார் 50 கிராம். மிச்சம் 180 கிராம் சாணியிலும் கோமியத்திலும் வருகிறது. அதாவது மாட்டுக்குப் போட்டதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மறுநாள் காலையில் கட்டுத்தரையில் கிடக்கிறது. ஐந்து மாட்டுக்கு நாளுக்கு 900 கிராம், வருஷத்துக்கு 330 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, 16 மூட்டை யூரியா.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 16 மூட்டை யூரியாவின் விலை என்ன? மானியம் போக ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். ஒரு வருஷம் முழுக்க தினமும் சாணி அள்ளி, கலக்கி, சுமந்து, கொட்டினால் யூரியாக் கணக்கில் மிச்சமாவது அவ்வளவுதான். அதுவும் எல்லாம் பயிருக்குப் போய்ச் சேர்ந்தால். திறந்த குப்பைமேட்டில் போட்டு வைத்தால் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை காற்றோடும் மழைத் தண்ணீரோடும் போய்விடும். அந்தப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் நெடி இருக்கிறதே, அதுதான் யூரியா மூட்டை பறந்து போகும் நெடி.

சாணி ஏன் வீணாகிறது என்று கேட்பவர்கள் இந்த நாலாயிரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். விவசாயிக்கு அக்கறை இல்லை என்று மேடையில் பேசுவது சுலபம். பையில் வரும் சத்துக்கு அரசு பெரும் தொகை மானியம் கொடுக்கிறது. கூடையில் வரும் சத்துக்குச் சுமைகூலி கொடுப்பவர் யாரும் இல்லை. இந்த நிலையில் ஒரு குடும்பம் குப்பையை மேட்டில் குவித்துவிட்டு, ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒரே தடவையாக டிராக்டர் வைத்து அடிப்பதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தழைச்சத்து மட்டும்தான் கணக்கு என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். அப்படி இல்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350 ரூபாய். சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் அதையும் தாண்டியது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காற்றில் பறப்பதில்லை என்பதால், மழைத் தண்ணீரில் கரைந்து ஓடாமல் பார்த்துக்கொண்டால், குப்பையில் அவை மிஞ்சி நிற்கும். அப்புறம், மூட்டையில் கிடைக்காத ஒன்று சாணியில் இருக்கிறது: மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கரிமம். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் என்பது வேளாண் துறை பல பயிர்களுக்குக் காலம் காலமாகச் சொல்லிவரும் அளவு. ஐந்து மாட்டுச் சாணி மக்கி வற்றிய பிறகு இரண்டு ஏக்கருக்கு அந்த அளவு தேறும். தாராபுரம் வெயிலில் இரண்டு தண்ணீருக்கு நடுவே நாலு நாள் கூடுதலாகப் பயிர் தாங்கினால், அதன் விலையை எந்த மூட்டையிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

இனி கேஸ். நாளுக்கு 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். ஒரு கிலோ சாணிக்கு 40 லிட்டர் வாக்கில் வாயு வரும். ஆக நாளுக்கு 2 கன மீட்டர். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். அடுப்புக் கணக்கில் ஒரு கன மீட்டர் என்பது அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் ஏறக்குறைய இரண்டு சிலிண்டர் அளவுக்கு வருகிறது. யூரியாக் கணக்கோடு ஒப்பிட்டால் கைக்குத் தெரிகிற மிச்சம் இதுதான். எரு மிச்சம் ஆறு மாதம் கழித்து வயலில் தெரியும். கேஸ் மிச்சம் சிலிண்டர் வண்டி வரும் அன்றைக்கே தெரியும்.

கோபர் கேஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. ஜஷ்பாய் படேல் 1950களில் வடிவமைத்த மிதக்கும் டிரம் வகையை 1962இல் காதி கிராமத் தொழில் ஆணையம் எடுத்துக்கொண்டு நாடெங்கும் பரப்பியது. இரும்பு டிரம் துருப்பிடிக்கும் என்பதால் செங்கல்லாலேயே கூரை கட்டும் தீனபந்து வகை 1984இல் வந்தது. கொங்குப் பக்கம் எத்தனையோ தோட்டங்களில் அந்தப் பழைய டிரம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் கோழி குடியிருக்கிறது. டிரம் ஓட்டையானதால் நின்றவை பாதி என்றால், மாட்டை விற்றதால் நின்றவை மீதி. சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு காலையில் எழுந்து சாணி கலக்குவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை என்பதும் உண்மை.

அதோடு, குழிக்குள் இருப்பது உயிருள்ள சரக்கு என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு தடவை மாட்டுக்கு உண்ணி அதிகம் என்று கட்டுத்தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் வழக்கம்போல வாட்டத்தில் ஓடித் தொட்டிக்குப் போனது, தொட்டியிலிருந்து குழிக்குப் போனது. மூன்றாம் நாள் அடுப்பில் நீலச் சுடர் குட்டையாகி, அப்புறம் நின்றே போனது. குழாயில் அடைப்பு என்று பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை எல்லாம் கழற்றிப் பார்த்தோம். குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் செத்திருந்தன. பழையபடி எரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கட்டுத்தரையில் ஊற்றியது எதுவும் வெளியே போய்விடவில்லை, சுற்றி வந்து அடுப்பில்தான் நின்றது. சாக்கடைக்குப் போயிருந்தால் பினாயிலைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

குழியில் 40 நாள் வாக்கில் கிடந்து வெளியே வரும் சாந்தில் தழைச்சத்து குறைவதில்லை. கரிமத்தில் ஒரு பகுதிதான் கேஸாகப் போகிறது. தழைச்சத்தில் கணிசமான பங்கு அமோனியாவாக மாறி நிற்கிறது, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈரச்சாந்தைச் சுமப்பது கஷ்டம் என்று குழி வெட்டித் தேக்கி வெயிலில் காயவிடுவார்கள். காய்ந்து உதிர்ந்தால் தூக்க லேசு. அது காயும்போதே அமோனியாவும் போய்விடும். ஈரமாகப் போட வேண்டுமென்றால் நாளுக்கு 100 லிட்டர், அதாவது எட்டு ஒன்பது குடம், தினமும், மழை பெய்தாலும் கல்யாண வீடு இருந்தாலும். எந்தக் குடும்பமும் இதைத் தலையில் சுமந்து நெடுநாள் செய்யாது. அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன தோட்டத்தின் சரிவை நான் அவ்வளவு பெரிதாகச் சொன்னேன். அங்கே அந்த 100 லிட்டரை யாரும் தொடுவதே இல்லை.

புதிதாகக் கோபர் கேஸ் கட்டுகிறவர்கள் அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கத்தான் பார்க்கிறார்கள். குழாய் நீளம் குறையும், செலவு குறையும். என் கணிப்பில் அது தலைகீழ். கேஸ் குழாயில் தானாகப் போகும், அதற்குக் கனமில்லை. இருபது முப்பது மீட்டர் குழாய் கூடுதலாகப் போட்டால் ஒரு தடவைச் செலவு. சாந்துக்குக் கனம் உண்டு; அதைப் பயிருக்குக் கொண்டுபோகும் செலவு தினம் தினம். எனவே குழி வாய்க்காலுக்கு மேலே, கட்டுத்தரைக்குக் கீழே இருக்க வேண்டும். கொத்தனாரிடம் இதைச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

அசோலாவைப் பற்றி இரண்டு வார்த்தை. தார்ப்பாய் விரித்த தொட்டியில் சாணிக்கரைசல் ஊற்றி வளர்க்கும் அந்தச் சின்ன நீர்ப்பெரணிக்குச் சுழற்சி வேளாண்மைக் கூட்டங்களில் நடிகர் மாதிரி வரவேற்பு. புரதம் 25 சதவீதம் என்பார்கள். உண்மைதான், காய்ந்த எடையில். பச்சையாக அள்ளினால் ஒரு கிலோவில் 930 கிராமுக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் கால் பங்கு என்றால் 17 கிராம் புரதம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு வேண்டியது ஒரு கிலோ நானூறு கிராமுக்கு மேல். கோழிக்குப் போடலாம், கன்றுக்குப் போடலாம், நல்ல தீனி. மாட்டுத் தீவனச் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் அவர் அசோலா விதை விற்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று படத்தில் வராமலே போகிறது. அந்தத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வருவது என்ன? நான் போன ஒரு நாள் மினி ஆட்டோவில் தீவன மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கலப்புத் தீவனம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு. ஐந்து மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ. பச்சைப் புல் 150 கிலோ போடுகிறார்கள், கேட்க நிறையத் தெரிகிறது, ஆனால் புல்லிலும் பெரும்பகுதி தண்ணீர். முன்பு போட்ட கணக்கையே தொடர்ந்து, மூட்டைத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் என்று வைத்தால், மூட்டையில் நாளுக்கு 640 கிராம் தழைச்சத்து தோட்டத்துக்குள் வருகிறது. பாலில் வெளியே போவது 250 கிராம். மிச்சம் 390 கிராம், நாள்தோறும், அந்த இரண்டு ஏக்கரில் தங்க வேண்டியதாகிறது. கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் மண்ணில் சேரும், கொஞ்சம் கிணற்றுக்கு இறங்கும். நாம் வட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பார்க்கப்போனால் ஒரு புனல். வாயகன்ற பக்கம் தீவன மூட்டை, குறுகிய பக்கம் பால் கேன்.

எங்கேயோ ஒரு மானாவாரிக் காட்டில் விளைந்த பருத்தியின் கொட்டை ஆலைக்குப் போய், எண்ணெய் எடுத்து, புண்ணாக்காகி இங்கே வருகிறது. அந்தக் காட்டுக்கு அது திரும்பிப் போவதில்லை. இங்கே மண் வளமாவதற்கு ஒரு பங்கு காரணம், வேறெங்கோ மண் மெலிந்ததுதான். ‘வெளி இடுபொருள் இல்லாத பண்ணை’ என்று பெருமையாகச் சொல்லும் சில இடங்களில் தீவனக் கடையின் பில் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தால் பேச்சு மாறிவிடும்.

இதைப் பெரிய அளவில் அனுபவித்த நாடு நெதர்லாந்து. கப்பல் கப்பலாகச் சோயாவை இறக்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, பாலையும் இறைச்சியையும் ஏற்றுமதி செய்தார்கள்; சாணி மட்டும் ஊரிலேயே தங்கியது. 2018இல் அந்த அரசே சுழற்சி வேளாண்மைதான் இனி வழி என்று கொள்கை அறிவித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், காற்றில் கலக்கும் நைட்ரஜனைக் கட்டுப்படுத்த அரசு வைத்திருந்த அனுமதி முறை செல்லாது என்று அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு தி ஹேக் நகரத்துக்குள் வந்தார்கள். நம் ஐந்து மாட்டுத் தோட்டத்தை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஆகாது என்கிற அளவு இங்கேயும் உண்டு. மாடு கட்டியிருக்கும் தோட்டத்தில் கட்டுத்தரைக்கு நேர் கீழே கிணறு இருந்தால், ஒரு தடவை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

மிஞ்சுவதை வெளியே அனுப்ப ஒரு நல்ல வழி மண்புழு உரம். இரண்டு சிமென்ட் தொட்டி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல், பாதி மக்கிய சாணி, மாடு கழித்த தட்டு, நேப்பியர் தண்டு, வாழைமட்டை. மாடித்தோட்டம் வைக்கிறவர்கள் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்து வாங்குகிறார்கள். உரத்தை விற்றால் வட்டம் உடைந்துவிடுமே என்று ஒரு இயற்கை விவசாயக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மண்ணை உறிஞ்சிவிட்டு எருவையும் விற்கிற தோட்டத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கும் தோட்டத்துக்குப் பொருந்தாது. உள்ளே வருவதற்கு ஒரு வாசல் இருந்தால் வெளியே போகவும் ஒரு வாசல் வேண்டும். காய்ந்து லேசான சரக்காகப் போவது இன்னும் நல்லது.

அந்தத் தோட்டத்து அக்காவிடம் ஒரு நாள் இந்தச் சரிவைப் பற்றிச் சிலாகித்துப் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அருமையாக யோசித்துக் கட்டியிருக்கிறீர்கள், சாணி தானாகப் போய்விடுகிறதே என்றேன். அவர் புல் அறுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

“சாணி தானா கீழ போயிருது தம்பி. புல்லு தானா மேல வருமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 150 கிலோ பச்சைப் புல். தினமும் சரிவில் மேலே ஏற்ற வேண்டும். ஒரு கட்டு 25 கிலோ என்றால் ஆறு நடை. வட்டத்தின் ஒரு பாதி இறக்கம் என்றால் மறு பாதி ஏற்றமாகத்தானே இருக்க முடியும்? கழிவுப் பக்கத்தை நாம் கொண்டாடுகிறோம், ஏனென்றால் அதில்தான் பொறியியல் இருக்கிறது. தீனிப் பக்கத்தில் இருப்பது ஒரு பெண்ணின் கழுத்து. பால் பணம் சொசைட்டியில் இவர் கணவர் பெயரில் ஏறுகிறது. இவர் ஏற்றும் புல்லுக்கு எந்த நோட்டிலும் வரவு இல்லை. மிச்சமான சிலிண்டர் பணத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். சிலிண்டர் வாங்காத பணம் எப்படித் தனியாகத் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம். செலவாகாத காசு யார் கைக்கும் வருவதில்லை, அதனால் அதைச் சேமித்தவர் யார் என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீர்வு என்று ஒரு தள்ளுவண்டி பேச்சில் இருந்தது. சரிவில் தள்ளுவது சுமப்பதைவிடக் கஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். டிவிஎஸ் மொபெட்டில் இரண்டு கட்டு வைத்துக் கட்டி மகன் ஏற்றிக் கொடுப்பான், அவன் கல்லூரிக்குப் போகாத நாட்களில். கட்டுத்தரையை ஒட்டி மேட்டிலேயே கொஞ்சம் வேலிமசால் என்ற தீவனப் பயிரும் அகத்தியும் வைத்திருக்கிறார்கள். புரதம் அதிகம் என்பதால் கனம் குறைவான சுமையில் அதிகச் சத்து வருகிறது, புண்ணாக்கிலும் ஒரு கை குறைகிறது. நான் பார்த்தவற்றில் உருப்படியான மாற்றம் இதுதான்.

போன தை மாதம் போனபோது கட்டுத்தரையில் மூன்று மாடுதான் நின்றது. இரண்டை விற்றுவிட்டார்கள். புல் ஆறு நடையிலிருந்து நாலு நடைக்குள் வந்துவிட்டது. தீவன மூட்டை குறைந்தது, சொசைட்டியில் பால் அளவும் குறைந்தது, அதில் அவர் கணவருக்குக் கொஞ்சம் வருத்தம். கேஸ் மட்டும் காலைச் சமையலுக்குத் தாராளமாகவும் ராத்திரிக்குத் தட்டுப்பாடாகவும் வருகிறதாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு கூடை சாணி தினமும் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டம் இவர்களுடையதைவிட மேட்டில் இருக்கிறது.